வங்காலைக் கரையில் அடித்த பிளாஷ்

தங்கையின் மகளுக்குத் தையில் கலியாணம். கலியாணத்துக்கு முன்னமே பெண்ணும் மாப்பிள்ளையும் கடற்கரையில் நின்று படம் எடுக்க வேண்டுமாம். இப்போது அதுதான் முறையாம். போன கிழமை என்னையும் என் கமராவையும் வங்காலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். பொழுதுபடுகிற நேரம். நானும் பெரிய ஆள்மாதிரி பிளாஷை எடுத்துக் கமராவின் தலையில் பூட்டினேன். அவ்வளவுதான், பிள்ளை பாய்ந்து வந்தாள்.

“ஐயோ மாமா, அதைக் கழட்டுங்கோ! எங்கட முகம் தெரியக்கூடாது. ரெண்டு பேரும் கறுப்பாத்தான் வரோணும்.”

எப்படி இருக்கிறது கதை? என் பாதி ஆயுள் அந்தி வெயிலில் மனிதர்களுடைய முகத்தைத் தெரியவைப்பதிலேயே போனது. சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறவனைச் சும்மா எடுத்தால் அடுப்புக் கரிதான் வரும். முன்னாலிருந்து ஒரு வெளிச்சம் அடித்தால்தான் மூக்கும் முழியும் தெரியும், பின்னால் வானத்தின் சிவப்பும் நிற்கும். இதைச் சனத்துக்கு விளங்கப்படுத்த நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. “இன்னும் இருட்டேல்லையே தம்பி, ஏன் லைற் அடிக்கிறீர்?” என்று கேட்காத வீடு கிடையாது. அப்படிப் பாடுபட்ட ஒருவனிடம் வந்து, முகம் தெரியக்கூடாது என்கிறாள். போனிலே பார்த்தாளாம். சரி, உன்பாடு உன்னோடு என்று கழற்றிப் பைக்குள் போட்டேன்.

போடும்போது பையிலிருந்து ஒரு மணம் வந்தது. சூடாகிய பற்றரி, உப்பு, ரப்பர் எல்லாம் கலந்த மணம். உங்களுக்கு அது நாற்றமாக இருக்கலாம், எனக்கு அது இளமை. கடற்காற்று பட்டால் பிளாஷ் துருப்பிடித்துப் போகும் என்று யாரோ சொல்லி, அதை ஒரு பிஸ்கட் தகரத்தில் அரிசி நிரப்பி அதற்குள் புதைத்து வைப்பேன். அரிசி ஈரத்தை இழுக்குமாம். ஒருநாள் அம்மா அது என்ன அரிசி என்று கேளாமலே எடுத்து உலையில் போட்டுவிட்டார். அன்றைக்கு எங்கள் வீட்டுச் சோற்றில் இதே மணம்தான். அப்பா ஒரு கவளத்தோடு எழும்பி, “இவன் படம் எடுத்து எங்களுக்குச் சோறு போடுவான் எண்டனீர், போட்டிட்டான்” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

அப்போது நான் மன்னார் பட்டினத்தில் ஒரு ஸ்ரூடியோவில் வேலை. சண்டை முடிந்து கரையெல்லாம் மெல்ல மெல்லத் திறந்துவிட்ட காலம். சனம் ஆசைதீரக் கலியாணம் செய்தது. கரைப் பக்கத்துக் கலியாணம் என்றால் கோயிலில் எடுக்கிற படம் போதாது. பொழுதுபட முன்னம் கடற்கரைக்குப் போய், பெண் வீட்டாருடைய படகுக்கு முன்னால் கதிரைகளைப் போட்டு, குடும்பம் முழுவதும் இருந்து ஒரு படம் எடுக்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கும். எடுக்கிறவனைக் கேளுங்கள். கதிரைக் கால் மணலில் புதையும். காற்றுக்குப் பெண்ணின் தலையில் போட்ட நெற் பறந்து மாமியாரின் வாய்க்குள் போகும். யாராவது ஒருவர் கண்ணை மூடுவார். சூரியன் மட்டும் யாருக்கும் காத்திருக்காது.

ஜெசிந்தாவின் கலியாணத்துக்குத்தான் நான் முதன்முதலாக வங்காலைக்கு வந்தது. போய் இறங்கினால் படகு இல்லை. பெண்ணின் தகப்பனும் இல்லை. இரண்டும் சேர்ந்து மத்தியானமே கடலுக்குப் போய்விட்டன.

தகப்பனின் பெயர் சவிரிமுத்து. ஊருக்கு அவர் சவிரி அண்ணை. ஆண்பிள்ளை இல்லாத மனுசன். வருகிற மருமகன் தன்னோடு தொழிலுக்கு வருவான், படகு அவன் கைக்குப் போகும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தவர். ஜெசிந்தா விரும்பியதோ பாப்பாமோட்டை வயல்காரப் பெடியன் ஒருவனை. அன்ரன் என்று பெயர். தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து வளர்ந்து, தாய் தகப்பனோடு திரும்பி வந்தவன். கடல் என்றால் அவனுக்குத் திரும்பி வந்த கப்பல் மட்டும்தான், அதிலும் வழிநெடுக வாந்தி எடுத்தவனாம். இந்த ஒரு செய்தி போதாதா சவிரி அண்ணைக்கு? இரண்டு மாதமாக மகளோடு பேச்சில்லை. கோயிலுக்குள் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனது சித்தப்பாதான். “படத்திலை நிண்டா நான் ஓம் எண்டமாதிரி” என்று சொல்லிவிட்டு, தாலி கட்டிய அன்றைக்கே படகைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார் மனுசன்.

ஜெசிந்தா என்னிடம் வந்து மெல்லிய குரலில் சொன்னாள்: “அண்ணா, நடுவிலை அம்மாக்குப் பக்கத்துக் கதிரையை வெறுமையா விடுங்கோ. அப்பா வந்தா இருப்பார்.”

“எங்க இருந்து தங்கச்சி வரப்போறார்? கடலுக்கை எல்லே நிக்கிறார்.”

“வந்தா எண்டுதானே சொன்னனான்.”

அவளுடைய கண்ணைப் பார்த்தபிறகு கதிரையை அப்படியே விட்டேன். ஆனால் எரிச்சல் எரிச்சல்தான். முன்பல் விழுந்த வாய்மாதிரி நடுவில் ஒரு வெறும் கதிரையோடு எப்படி ஐயா குடும்பப் படம் எடுக்கிறது? போதாக்குறைக்குப் பின்னால் நிற்பது பக்கத்து வீட்டாரின் படகு. பெண்ணின் தாய் பிலோமினா அக்கா ஒரு மூச்சுக்குக் கடலையும் மறு மூச்சுக்கு என்னையும் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை அன்ரன் கோட்டுக்குள் வியர்த்துப்போய், “சார், நான் எப்படி நிக்கணும் சார்?” என்று நாலாவது தரமும் கேட்டான். சித்தப்பா ஒவ்வொரு படத்துக்கும் இடம் மாறி நின்றார்; கேட்டால் எல்லாப் பக்கத்திலும் தான் வரவேண்டுமாம்.

நான் அந்த நாளில் ஒரு நிலைக்கு மூன்று படம் எடுப்பேன். ஒன்றில் கண்ணை மூடினாலும் மற்றதில் திறப்பார்கள் என்ற நம்பிக்கை. பளிச், பளிச், பளிச். பிறகு பிளாஷ் கீச்சென்று கத்திக்கொண்டு தன்னை நிரப்பும். அந்த இடைவெளியில் நான் சித்தப்பாவைப் பார்த்துக் கத்துவேன். பிறகு மறுபடியும் பளிச், பளிச், பளிச். சனம் கடலுக்கு முதுகு, எனக்குக் கடலை நோக்கி முகம். பிளாஷ் அடிக்கிற வெளிச்சம் அவர்களுடைய முகத்தில் பட்டு மிச்சம் கடலுக்குத்தான் போகிறது. இது எனக்கும் தெரியவில்லை, கண் கூசிக்கொண்டு நின்ற அவர்களுக்கும் நினைப்பில் வரவில்லை.

முதலில் எஞ்சின் சத்தம்தான் கேட்டது. ஒன்றல்ல, மூன்று நாலு. பார்த்தால், கரையை நோக்கிப் படகுகள் அடித்துப்பிடித்துக்கொண்டு வருகின்றன. பிலோமினா அக்கா திரும்பிப் பார்த்து, நெஞ்சில் கை வைத்து, “என்ரை மாதாவே, வெளிச்சம்!” என்றார். சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

பிறகுதான் எனக்கு விசயம் சொன்னார்கள். கடலில் போன் எடுபடாத நாட்களில், கரையில் யாரும் இறந்துபோனால், ஒருவர் ரோச் லைற்றோடு கடலைப் பார்த்து நிற்பாராம். மூன்று தரம் மின்னி, விட்டு, மறுபடி மூன்று தரம். அதைக் கண்டால் கடலில் நிற்கிறவர்கள் வலையைக்கூடப் பார்க்காமல் திரும்பி வரவேண்டும். பட்டினத்தில் அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கரின் மகனாகப் பிறந்த எனக்கு இது எங்கே தெரியப்போகிறது? வேலியிலே போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்ட கதைதான்.

படகுகள் மணலில் ஏறுமுன்னமே ஆட்கள் குதித்தார்கள். “ஆர்? ஆர்?” எல்லோருடைய வாயிலும் அந்த ஒரு சொல்தான். மத்தியானம் இதே கலியாணத்தில் சாப்பிட்டுவிட்டுத் தொழிலுக்குப் போனவர்கள். விசயம் தெரிந்ததும் அவர்கள் என்னைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. என் அப்பா அம்மா, ஸ்ரூடியோ முதலாளி, கமராவைக் கண்டுபிடித்தவன் வரைக்கும் போய்த் திரும்பினார்கள். ஒருவர் என் கையிலிருந்த பிளாஷைப் பிடுங்கிக் கடலில் எறியவே வந்தார். நான் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

கடைசியாக வந்தது சவிரி அண்ணை. எஞ்சினை நிற்பாட்டவும் இல்லை, நங்கூரம் போடவும் இல்லை. அப்படியே தண்ணீருக்குள் குதித்து, விழுந்து, எழும்பி வந்தார். அவர் “ஆர்?” என்று கேட்கவில்லை. பிலோமினா அக்காவைப் பார்த்தார். பிறகு ஜெசிந்தாவைப் பார்த்தார். பார்த்தபடியே அந்த வெறும் கதிரையில் இருந்துவிட்டார்.

“ஒருத்தருமில்லை அப்பா. படம் எடுத்த வெளிச்சம். ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை” என்று ஜெசிந்தா மணலில் முழங்காலில் நின்று அவருடைய கையைப் பிடித்தாள்.

“வெளிச்சம் வா எண்டுதானே சொல்லும், ஆரெண்டு சொல்லாது” என்றார். “நீதான் எண்டு நினைச்சன் பிள்ளை. நான் வரேல்லை எண்டு ஏதும் செய்துபோட்டாய் எண்டு நினைச்சன்.”

இரண்டு மாதத்துக்குப் பிறகு மகளோடு அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அதற்குள் கடலில் ஒரு கூத்து. விட்டுவிட்டு வந்த படகு அலையில் குறுக்கே திரும்பப் பார்த்தது. அதைப் பிடிக்க இடுப்பளவு தண்ணீரில் நின்றது யார் என்று நினைக்கிறீர்கள்? மாப்பிள்ளை அன்ரன். கோட்டும் சப்பாத்துமாக, படகின் விளிம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் அலைக்கும் ஓங்காளித்துக்கொண்டு நின்றான். படகு அவனைப் பிடித்திருந்ததா, அவன் படகைப் பிடித்திருந்தானா என்று சொல்ல முடியாது. ஆனால் கையை விடவில்லை.

சவிரி அண்ணை கொஞ்ச நேரம் பார்த்தார். “கோட்டோட நிக்கிறான் விசரன்” என்று எழும்பிப் போய், “விடும் தம்பி, உப்பிடிப் பிடிச்சா காலை உடைச்சுப்போடும்” என்று அவனைத் தள்ளிவிட்டு, எஞ்சினை நிற்பாட்டிப் படகை இழுத்து மணலில் ஏற்றினார். திரும்பி வரும்போது மருமகனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வந்து அதே கதிரையில் இருந்தார். உடுத்திருந்த சாரத்திலிருந்து தண்ணீர் ஓடியது.

“எடும் படத்தை.”

நான் பிளாஷைத் தூக்கினேன். கரையில் நின்ற அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்: “அந்த இழவு வெளிச்சத்தை அடியாதை!” நியாயம்தான். இன்னும் எத்தனை படகு வெளியே நின்றதோ.

“லைற் இல்லாட்டி முகம் விழாது அண்ணை. எல்லாரும் கரிக்கட்டையாத்தான் வருவியள்” என்று நான் கெஞ்சினேன்.

“வந்தா வரட்டும். எடும்.”

எடுத்தேன். நான் சொன்னபடியேதான் வந்தது. சிவந்த வானம், அதற்கு முன்னால் வரிசையாகக் கறுப்புக் கறுப்பாக உருவங்கள். முகம் தெரிகிற படங்கள் அத்தனை இருக்க, ஜெசிந்தா அதைத்தான் பெரிதாக்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் கொழுவினாள். எனக்கு மானம் போகிறது, பின்பக்கம் ஸ்ரூடியோ முத்திரை மட்டும் வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தேன். யார் கேட்கிறார்கள்? வருகிறவர்களுக்கெல்லாம் பிலோமினா அக்கா ஒவ்வொரு கறுப்பாகத் தொட்டு, “இது நான், இது எங்கட பிள்ளை, இந்த நனைஞ்ச கோழி மருமோன், இது இவர்” என்று சொல்லிக்கொடுப்பார். எனக்குக் காது கூசும்.

அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் ஞானஸ்நானம், முதல்நன்மை எல்லாவற்றுக்கும் நான்தான் படம். ஒவ்வொரு முறையும் என் பிளாஷைக் கண்டதும் கேலி தொடங்கும். அப்படியே வருடங்கள் போயின. கரைக்குப் பக்கத்தில் போன் கோபுரம் வந்தது. வலை போடுகிற தூரத்திலும் இப்போது போனில் சிக்னல் கோடு கோடாகக் காட்டுகிறது. கடலில் நின்றபடியே மீனைக் காட்டி விலை பேசுகிறார்கள். ரோச் லைற்றோடு கடலைப் பார்த்து நிற்கிற ஆளை நான் கண்டு கனகாலம். அன்றைக்கு என்னைப் பேசியவர்களுடைய பிள்ளைகளிடம் கேட்டேன், மூன்று தரம் மின்னினால் என்ன என்று. பற்றரி முடியப்போகிறதாக்கும் என்றார்கள்.

பிலோமினா அக்கா போன வருடம் இறந்துபோனார். பின்னேரம் தேத்தண்ணி வைக்கப் போனவர் குசினிக்குள்ளேயே சரிந்துவிட்டார். சவிரி அண்ணை கடலில். வீட்டில் அழுகைச் சத்தம் எழும்பிய கொஞ்ச நேரத்துக்குள்ளேயே சித்தப்பா பிரான்சில் இருக்கிற தன் மகனுக்குச் சொல்ல, அவன் அதே கையோடு கடலில் நின்ற பெரியப்பாவுக்குப் போன் எடுத்துத் துக்கம் விசாரித்துவிட்டான். அவருக்கு இன்னும் தெரியாது என்பது அந்தப் பெடியனுக்குத் தோன்றவில்லை. நல்ல மனதோடு செய்ததுதான், என்றாலும் அவனை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அடக்கம் முடிந்து எல்லோரும் போனபிறகு சவிரி அண்ணைக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். அவர் சொன்னார்:

“முந்தி எண்டா வெளிச்சத்தைக் காட்டியிருப்பாங்கள். ஆரெண்டு தெரியாமத்தான் வந்திருப்பன். கரைக்கு வந்து சேருமட்டும் அவள் உயிரோட இருந்திருப்பாள், தம்பி.”