பாடாமல் விட்ட வரி

"பாட்டே பிடிக்காதவனுக்கு மட்டும் அந்தப் பாட்டு ஏன் கேக்கணும்?" கப்பலிலிருந்து திரும்பிய வாரம் சித்தப்பா என்னிடம் இப்படிக் கேட்டார்.

சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருடமாக அவர் பிழைப்பே காதில்தான் ஓடுகிறது. இரும்புக் கயிறு எந்த மாடியில் உரசுகிறது என்று கீழே நின்றபடியே சொல்லிவிடுவார். பாட்டு மட்டும் அவருக்கு ஆகாது. சித்திக்கோ ஒரு பாடகர் என்றால் உயிர். அந்தப் பாடகர் கடலில் மூழ்கி இறந்து ஒன்பது வருடம். ரசிகர்கள் வருடா வருடம் ஒரு கப்பலைப் பிடித்து, நான்கு நாள் அவர் பாட்டுகளையே பாடிக்கொண்டு போவார்கள். போன வருடம் சித்தப்பாவையும் கூட்டிப் போவதென்று சித்தி ஒற்றைக் காலில் நின்றார்.

"நான் வந்து என்ன பண்ணப் போறேன்? கப்பல்ல லிஃப்டாவது இருக்குமா?"

"இருக்கும். அதுலயே ஏறி இறங்கிட்டு இருங்க."

இரண்டு நாள் அதைத்தான் செய்தார். மூன்றாம் தளத்துக் கதவு சரியாக மூடவில்லை என்று புகார் வேறு கொடுத்தார்.

மூன்றாம் நாள் மாலை, நல்ல வெயிலில், சித்தி அவரை மேல்தளத்துக்கு இழுத்துப் போனார். அங்கே அறுநூறு பேர், பாடகரின் கடைசிப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள். அதன் கடைசி வரியைப் பதிவு செய்யுமுன் அவர் இறந்துவிட்டார். அதனால் ரசிகர்களுக்குள் ஒரு வழக்கம். அந்த இடம் வந்ததும் வாத்தியங்கள் நிற்கும். எல்லோரும் கண்ணை மூடி, வாய் திறக்காமல் நிற்பார்கள். அந்த வரி அவருக்கு.

"என்னைக்காவது ஒரு நாள் பாடிடுவாரு, பாருங்க" என்று சொல்லிவிட்டுச் சித்தியும் கண்ணை மூடினார்.

வாத்தியங்கள் நின்றன. ஒரு குரல் பாடியது.

எவனோ ஸ்பீக்கரை அணைக்க மறந்துவிட்டான் என்றுதான் சித்தப்பா முதலில் நினைத்தார். பழக்கத்தில் அவர் காது இடத்தைத் தேடியது. சத்தம் தளத்து ஓரத் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம், கீழே, தண்ணீர் மட்டத்திலிருந்து வந்தது.

"சிட்டு, இறங்கி வா. இடம் இருக்கு."

சிட்டு என்பது சித்தியைச் சித்தப்பா மட்டும், அதுவும் வீட்டுக்குள் மட்டும் கூப்பிடும் பெயர்.

திரும்பிப் பார்த்தார். அறுநூறு பேரும் கண் மூடியபடியே கம்பியை நோக்கி ஓர் அடி நகர்ந்திருந்தார்கள். சித்தியின் ஒரு கால் கம்பியின் கீழ்ப்படியில் ஏறியிருந்தது. பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தார். வாத்தியங்கள் மறுபடி தொடங்கின.

"விடுங்க, வலிக்குது! ஏன் முகம் வெளுத்துப் போச்சு?" சித்தியின் குரல் சட்டென்று தணிந்தது. "உங்களுக்கு ஏதாவது கேட்டுச்சா?"

இத்தனை வருடம் சித்தி காத்திருந்தது இதற்குத்தான். கேட்டது என்று சொன்னால் பூரித்துப் போவார். அடுத்த முறை இன்னொரு படி ஏறுவார்.

"ஒண்ணும் கேக்கல."

"அதானே. இரும்பு கத்தினாத்தான் உங்களுக்குக் கேக்கும்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஊர் வந்து சேரும்வரை அவரிடம் பேசவில்லை.

இந்த வருடத்துக்கும் சித்தி இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டார். சித்தப்பா மறுக்கவில்லை.

அந்தக் கப்பலுக்குப் போகிறவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இதைச் சொல்லுங்கள். அந்த வரி வரும்போது பக்கத்தில் நிற்பவரின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளட்டும். சித்தி காதுக்கு மட்டும் இது போக வேண்டாம்.