அறுபதடி ஓடைக்கு எடுத்த இரும்பு

பேட்டையில் மந்திரமூர்த்தி நடத்தும் இரும்புக் கட்டுமானப் பட்டறையில், எந்த வேலைக்கு எந்த பீம் என்று முடிவு செய்வது கோமுவின் பொறுப்பு. வீரவநல்லூர்க்காரி, வயது நாற்பத்தொன்று. சிவில் டிப்ளமோ முடித்துவிட்டுப் படம் வரைய வந்தவள், பதினெட்டு வருஷத்தில் கணக்கும் போடக் கற்றுக்கொண்டாள். கையெழுத்துப் போட வரும் இன்ஜினியரே, "கோமு பாத்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார். அதிகம் பேசமாட்டாள். கைப்பையில் எப்போதும் ஓர் அளவு டேப் கிடக்கும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் களக்காட்டுப் பக்கம் ஓர் ஓடையின் நடைபாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அக்கரையில் முப்பது வீடுகள், மற்றதெல்லாம் வாழைத்தோட்டம். தண்ணீர் குறைந்த நாளில் இறங்கிக் கடந்தார்கள். மழை நாளில் ஐந்து கிலோமீட்டர் சுற்றிப் போனார்கள். ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வாழை விவசாயிகள் சங்கத்திலிருந்து கொம்பையா என்பவர் பட்டறைக்கு வந்தார்.

"லாரி எதுவரைக்கும் வரும்?" என்று கோமு கேட்டாள்.

"குளத்துக்கரை வரைக்கும் வரும், தாயி. அதுக்கு அங்கிட்டு முக்கா கிலோமீட்டரு வரப்புதான். ரெண்டு பக்கமும் வாழை. கிரேனுக்கு வழியே கெடையாது."

மறுநாள் அவளே போய் அந்த வரப்பை முழுக்க நடந்து அளந்தாள். ஓடையின் குறுக்களவு அறுபதடி. வேண்டிய இரண்டு பீம்களையும் சாதா இரும்பில் மும்மூன்று துண்டாகச் செய்தாலும் ஒவ்வொன்றும் ஐநூறு கிலோ வரும். வரப்பில் தோள்கொடுக்கப் பதினாலு பேருக்குமேல் இடமில்லை. அவர்களால் அவ்வளவு கனத்தை அவ்வளவு தூரம் தூக்க முடியாது.

மாங்கனீசும் வேறு ஓரிரு உலோகங்களும் துளியளவு கலந்த உயர்வலு இரும்பு ஒன்று உண்டு. பட்டறையில் அதை ஹைடென்சில் என்பார்கள். மெல்லிய தகட்டிலேயே அதே பாரத்தைத் தாங்கும். அதில் கணக்குப் போட்டபோது ஒரு துண்டு முந்நூற்றெழுபது கிலோவுக்கு இறங்கியது.

மந்திரமூர்த்தி தயங்கினார். "நம்ம பயலுவளுக்கு இதுல வெல்டிங் வச்சுப் பழக்கமில்லையே."

"வெல்டிங் ராடை நல்லாச் சூடு காட்டி, ஈரமில்லாம எடுத்தாப் போதும், அண்ணாச்சி. நான் பக்கத்துலயே நிக்கேன்."

சொன்னபடி பதினோரு நாளும் நின்றாள். ஆட்கள் நெருக்கியடித்து நின்றால் பாலம் நடுவில் எவ்வளவு தாழும் என்றும் முன்பே பார்த்திருந்தாள். அனுமதித்த அளவுக்குள் நூலிழையில் வந்தது. போதும் என்று நினைத்தாள். இன்ஜினியரும் சரி என்றார்.

ஓடை வற்றிக் கிடந்த மாசியில் ஆறு துண்டுகளையும் தோளில் கொண்டுபோனார்கள். ஓடைக்குள் மணல்மூட்டை அடுக்கி, சங்கிலிக் கப்பியான செயின் பிளாக் கட்டித் தூக்கி, போல்ட் முடுக்கி, மேலே நடைதகடு விரித்து, கைப்பிடிக் கம்பி வைத்தார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தது.

மூன்றாம் நாள் எட்டுப் பெண்கள் வாழைத்தார் சுமந்து, ஒருவர் பின் ஒருவராக ஒரே நடையில் பாலத்தில் ஏறினார்கள். நடுவுக்கு வரும்போது பாலம் துள்ள ஆரம்பித்தது. முன்னால் போன செல்லக்கிளி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தார் தலையிலிருந்து சரிந்து ஓடைக்குள் விழுந்தது. அதற்குப் பிறகு யாரும் பாலத்தில் கால் வைக்கவில்லை.

கொம்பையா போனில் கோமுவைக் கூப்பிட்டார். "கனத்தக் கொறச்சு நம்மள ஏமாத்திட்டாவன்னு ஊருல பேசுதாவ, தாயி. நீயே வந்து பாரு."

கோமு போனாள். தனியாக நடந்து பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. பெண்களைக் கெஞ்சி வரிசையாகப் பின்னால் நடக்கச் சொன்னாள். பத்தாவது எட்டு வைத்தபோது அவளே கைப்பிடிக் கம்பியை எட்டிப் பிடித்தாள்.

மந்திரமூர்த்தியிடம் போனில் சொன்னாள். "ஒடியாதுல்லா? அப்பம் அதச் சொல்லிட்டு வா" என்றார் அவர்.

அது பொய்யும் இல்லை. ஒடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஆனால் டிப்ளமோ முதல் வருஷத்திலேயே படித்த பாடம் அவளுக்கு உறைத்தது. இரும்புக்கு வலு கூடினாலும் விறைப்பு, அதாவது வளையாமல் நிற்கும் தன்மை, கூடுவதில்லை. தகட்டை மெலிதாக்கியதால் பாலம் இளகிவிட்டது. நடையும் துள்ளலும் ஒரே தாளத்தில் சேர்ந்துகொண்டன.

கரையில் நின்றவர்களிடம் சொன்னாள்: "பாலம் ஒடியாது. ஆனா ஆடுதது என் தப்பு. நிக்கிற ஆளுக்குக் கணக்குப் போட்டேன். நடக்கிற ஆள நெனைக்கல."

"ஒடியாதுன்னு ஒனக்குத் தெரியும். எங் காலுக்குத் தெரியாண்டாமா?" என்றாள் செல்லக்கிளி.

கோமு பையிலிருந்து டேப்பை எடுத்தாள். கைப்பிடிக் கம்பியின் உயரத்தை அளந்துகொண்டு பட்டறைக்குத் திரும்பினாள். மந்திரமூர்த்தி சத்தம் போட்டார். தப்பை ஒத்துக்கொண்டு வந்ததற்காக இன்னும் கொஞ்சம் சத்தம் போட்டார். அவர் ஓய்ந்தபிறகு அவள் படத்தை விரித்தாள். கைப்பிடிகளை எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் நெஞ்சளவு உயரத்தில் சட்டம் நிறுத்தி, குறுக்குக் கம்பி கொடுத்து, அடியிலுள்ள பீமோடு இறுக்கிப் பூட்ட வேண்டும். அப்போது பீமும் சட்டமும் சேர்ந்து நெஞ்சளவு ஆழமுள்ள ஒரே பீமாக வேலை செய்யும். விறைப்புதான் தேவை என்பதால் இதற்குச் சாதா இரும்பில் வரும் எல் வடிவ ஆங்கிளே போதும். துண்டுகளும் ஓர் ஆள் சுமக்கிற கனம்தான்.

வேலை முடிய மூன்று வாரமானது. அன்றைக்கும் பெண்களை வரிசையாக நடக்கச் சொன்னாள். துள்ளல் அறவே போகவில்லை. கவனித்தால் மட்டும் பாதத்தில் தெரிந்தது. கோமு பாலத்து நடுவில் நின்று எதையோ குறித்துக்கொண்டிருந்தபோது, தாரோடு வந்த செல்லக்கிளி, "செத்த வழிய விடு, பாரம் அழுத்துது" என்றாள். கோமு ஒதுங்கினாள். செல்லக்கிளி வேகம் குறையாமல் பாலத்தைக் கடந்து இக்கரை சேர்ந்தாள்.

அதன்பிறகு கோமு தன் கணக்குத் தாளில், எவ்வளவு தாழும் என்ற வரிக்குக் கீழே, நடந்தால் எவ்வளவு துள்ளும் என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டாள். அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மாடித்தளம் போட வேண்டி வந்தது. இரும்பு வியாபாரி ஹைடென்சிலையே எடுக்கச் சொன்னார்.

"லாரி வாசல் வரைக்கும் வருது. மேல பந்தி நடக்கும், பிள்ளைய ஓடியாடும். கனத்த பீமே இருக்கட்டும், அண்ணாச்சி" என்றாள் கோமு.

மந்திரமூர்த்தி கனத்த பீமுக்கே ஆர்டர் கொடுத்தார். அதே மாதம் ஒரு சிமென்ட் கிடங்கில், நீளம் குறைந்ததால் துள்ளாத, ஆனால் பாரம் மிகுந்த பீம்களுக்கு அவள் ஹைடென்சில் என்றே எழுதினாள்.