வம்சிக்கு லீவு கிடைக்கவில்லை

என் வீட்டுக்காரர் ரசாக்கைச் சாப்பிட வைக்க ஒரு வாரமாகப் படாத பாடு படுகிறேன். தட்டைப் பார்க்கிறார், எழுந்து போய்விடுகிறார். கோபத்தில் நாலு வார்த்தை கேட்டும் விட்டேன். சூலூரில் இப்போது அவரைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று பேசுகிறார்கள். பேசட்டும். நடந்ததை நடந்தபடி நான் சொல்லிவிடுகிறேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவருக்கு வீடியோ கடை. இருபது வருடமாகக் கல்யாணம், காதுகுத்து என்று எடுத்து மிக்சிங் செய்து கொடுக்கிறார். இரண்டு வருடமாகப் புதிதாக ஒரு வேலை சேர்ந்துகொண்டது. கல்யாணப் பெண்ணின் அப்பா இறந்து போயிருப்பார். பழைய போட்டோவைக் கொடுத்தால், அதை ஏஐயில் போட்டு, மண்டபத்துத் திரையில் அவர் நடந்து வந்து கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்கிற மாதிரி ஆக்கிவிடுவார். மண்டபமே தேம்பும். ஆனால் பேச வைக்க மட்டும் மாட்டார். "செத்தவங்க சொல்லாததை நாம சொல்ல வெக்கறது தப்புங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார். வருகிற வேலையை விடுகிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பம்ப் கம்பெனி வைத்திருந்த லட்சுமணசாமி எங்களுக்கு வெகுநாள் பழக்கம். அவருடைய அறுபதாம் கல்யாணத்தை எடுத்தது இவர்தான். ஒரே மகன் வம்சி, ஜெர்மனியில் வேலை. அன்றைக்கு முழுக்க மைக்கைக் கீழே வைக்காமல், "எங்க நாயனா மறுபடியும் மாப்பிள்ளை ஆயிட்டாருங்க" என்று அப்பாவை ஓட்டிக்கொண்டே இருந்தான். அப்பாவுக்குக் காய்ச்சல் என்றால்கூட டிக்கெட் போட்டு வந்து நிற்கிற பையன்.

போன தை மாதம் லட்சுமணசாமிக்கு நெஞ்சில் ஆபரேஷன். கேள்விப்பட்டதும் வம்சி கிளம்பிவிட்டான். ஏர்போர்ட்டுக்கு வருகிற வழியில் கார் பனியில் சறுக்கி, அங்கேயே போய்விட்டான். தாய்மாமன் சசிதர் அங்கே போய்க் காரியத்தை முடித்து, அவனுடைய செல்போனையும் துணிகளையும் எடுத்துக்கொண்டு வந்தார். பெரியவருக்கு இன்னும் பத்து நாள் எதுவும் தெரியக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். யாராவது உளறிவிடுவார்கள் என்று சொந்தக்காரர்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை.

சசிதர் வந்த மறுநாளே வம்சியின் அம்மா ரங்கநாயகி அந்தச் செல்போனோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"மயக்கம் தெளிஞ்சதுல இருந்து வம்சி எங்கேன்னு கேக்கறாரு ரசாக்கு. உன்ற வீடியோல அவன் பேச்சு அத்தனையும் கெடக்குதல்ல? ஒரே ஒருதடவை பேச வெச்சுக் குடு கண்ணு."

இவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்போது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டியவள் நான். "பத்து நாள்தானுங்களே? ஒரு உசுரைவிட உங்க நியாயம் பெருசுங்களா?" என்று கேட்டேன். நான்தான் கேட்டேன்.

இவர் டைப் அடித்ததை ஏஐயில் வம்சியின் குரலாக்கி, அந்தச் செல்போனிலிருந்தே வாய்ஸ் மெசேஜாக அனுப்பினார். மறுநாள் காலை பெரியவர் போனில் வம்சி பேசினான். "நாயனா, லீவு கெடைக்கலைங்க. கெடைச்சதும் ஓடியாறேன். மாத்திரையை ஒழுங்காப் போடுங்க." அதே குரல், அதே சிரிப்பு. பெரியவர் அன்றைக்கு இரண்டு இட்லி சாப்பிட்டார் என்று ரங்கநாயகி போன் செய்து அழுதார். பத்து நாள் ஒரு மாதம் ஆனது. அதற்கப்புறம் சொல்லலாம் என்று டாக்டரே சொன்னார். சொல்லத்தான் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. இவரும் கைதேர்ந்துவிட்டார். நடுவில் ஒரு இருமல், பின்னால் வண்டிச் சத்தம் எல்லாம் சேர்ப்பார். "பெரியவருக்குத் துளி சந்தேகம் வரலை அம்மணி" என்பார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அல்லாஹ் மன்னிக்கட்டும்.

பங்குனியில் பெரியவருடைய பதில்கள் மாறின. "ஒரே ஒரு நாள் வந்துட்டுப் போயேன் கண்ணு. உன்ற மூஞ்சியைப் பாக்கோணும்." இவர் டைப் அடித்தார்: இந்த மாசமும் லீவு இல்லைங்க நாயனா. பெரியவர் வீடியோ காலில் வரச் சொன்னார். கேமரா ரிப்பேர் என்று இவர் டைப் அடித்தார். கடைசியாக ஒன்று வந்தது. அதை இவர் என் காதில் வைத்துக் கேட்கச் சொன்னார். "நீ வர வேண்டாம். உன்ற லீவை நீயே வெச்சுக்க."

"போதுமுங்க, சொல்லிப்போடுங்க" என்றேன். இவர் போய் ரங்கநாயகி முன்னால் நின்றார். "சித்திரை போகட்டும் கண்ணு" என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். இவர் திரும்பி வந்துவிட்டார்.

வைகாசி பிறந்து நாலாம் நாள் பெரியவருக்கு மறுபடியும் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னாராம். "அவன் வந்தா எனக்குக் கொள்ளி வெக்க உடாதே." அதோடு உயிர் போய்விட்டது.

நாங்கள் போனபோது வாசலில் கூட்டம். இவர் உள்ளே வராமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பங்காளி கண்ணையா எல்லாருக்கும் கேட்கும்படி கத்தினார்.

"அப்பன் சாவுக்கு வராத பையனுக்கு என்னத்துக்குக் காத்திருக்கறது? நாலு மாசமா லீவு இல்லை, லீவு இல்லைன்னே ஏமாத்துனவன். பெரியவர் மனசு ஒடிஞ்சே போயிட்டாரு. எடுங்கப்பா."

ரங்கநாயகி எழுந்தார். நாலு மாதமாக அந்த வீட்டில் வாய்விட்டு ஒரு நாளும் அழாத பொம்பளை.

"எம் பையனை ஒண்ணும் சொல்லாதீங்க. அவன் செத்து நாலு மாசமாச்சுங்க."

கேட்டருகே இவர் தரையில் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்தேன். நான் போய்த் தூக்கவில்லை. ரங்கநாயகி புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்து, காதோடு வாயை வைத்துச் சொன்னார்.

"ஏனுங்க, கேக்குதுங்களா? வம்சி லீவு போட்டானுங்க. கேட்ட அன்னிக்கே போட்டானுங்க. உங்களைப் பாக்க வாற வழியிலதானுங்க போனான்."