பிரேக் நாளிலும் வந்தவர்

என் மேசை இழுப்பறையில் ஓர் இரும்பு ஸ்கேல் கிடக்கிறது. ஓரம் துருப்பிடித்து, எண்கள் பாதி அழிந்துவிட்டன. அதை வைத்துப் பதினோரு ஆண்டுகள் ஒரு பெண்ணின் பெயருக்கு எதிரே சிவப்புக் கோடு இழுத்தேன். ஒருமுறைகூடக் கோடு கோணியதில்லை. இப்போது நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது. அதில் பெரும்பங்கு என் மேல்தான்.

காரைக்காலில் ஓர் அரசு அலுவலகம். எது என்று சொல்லப்போவதில்லை. பிறப்பு, இறப்புப் பதிவு செய்யும் ஜன்னலில் அந்தப் பெண் உட்கார்ந்திருப்பார்; எனக்கு அவர் அக்கா. நான் சேர்ந்தபோதே அவர் அங்கே பழைய ஆள், ஆனால் ஒப்பந்த ஊழியர். நானோ அப்பா பணியிலிருக்கும்போதே இறந்ததால் வாரிசு வேலைக்கு வந்தவள்; எந்தப் படிவம் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் முதல் நாளே நிரந்தரம்.

அக்காவுக்கு எண்பத்தொன்பது நாளுக்குத்தான் உத்தரவு போடுவார்கள். தொடர்ந்து வேலை பார்த்தேன் என்று நாளைக்கு உரிமை கேட்டுவிடக் கூடாதாம். தொண்ணூறாவது நாளுக்குப் பெயர் ‘பிரேக்’. அன்று அவர் வேலையில் இல்லை என்று வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே கோடு போடுவது என் வேலை. மறுநாள் புது உத்தரவு, அன்றைக்குத்தான் ஊருக்கு வந்தவர் போல.

கொடுமை என்னவென்றால், பிரேக் நாளிலும் அக்கா வருவார். விழிதியூரிலிருந்து பஸ் பிடித்து, டிபன் பாக்ஸோடு வந்து, வழக்கமான நேரத்துக்கு ஜன்னலைத் திறந்துவிடுவார். வராதீங்கக்கா என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

“நான் வரலன்னா யாரு எழுதுவா? பட்டினச்சேரிலேருந்து ஒருத்தர் அப்பாவ அடக்கம் பண்ணிட்டு வந்து நிப்பாரு. இன்னைக்கு எனக்கு பிரேக்குன்னு அவருகிட்ட சொல்லவா?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “எல்லாரும் பாத்துக்கிட்டுதான் இருக்காங்க. பர்மனென்ட் பண்றப்ப மறந்துட மாட்டாங்க” என்றார்.

அந்த நம்பிக்கைதான் அக்கா செய்த ஒரே தப்பு. பார்த்தவர்கள் எல்லாரும் இவர் இருக்கிறாரே என்று நிம்மதியாக லீவு போட்டார்கள். நானும் போட்டேன்.

ஒருவழியாகப் பணி நிரந்தரத்துக்குப் பட்டியல் கேட்டுப் புதுச்சேரித் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இந்த முறை தவறினால் அக்காவுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். அன்று எல்லாருக்கும் அவர் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். அவர் பெயரோடு போன கோப்பு சில மாதங்களில் திரும்பியது. ‘பணியில் இடைவெளிகள் உள்ளன’ என்று ஒரு வரி. அதற்கு ஆதாரமாகக் காட்டியிருந்தவை நான் கோடு போட்ட பக்கங்களின் நகல்கள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பழைய பிறப்பு, இறப்புப் பதிவேடுகளை அலமாரியிலிருந்து இறக்கித் தேதி தேதியாகப் பார்த்தேன். ஒவ்வொரு பிரேக் நாளிலும் அக்காவின் கையெழுத்து. ‘ழ’வுக்கு அவர் போடும் நீண்ட வால் யாருக்கும் வராது. அந்த நாட்களில் பதிவான பிள்ளைகள் இருக்கிறார்கள், இறந்தவர்கள் இருக்கிறார்கள், எழுதியவர் மட்டும் இல்லையாம். பதிவேடுகளைத் தூக்கிக்கொண்டு சூப்பிரண்டு முன்னால் போய் வைத்தேன். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மூடினார்.

“ஏம்மா, பிரேக் நாள்ல வேலை வாங்குனோம்னு நாமளே எழுதிக் குடுக்கவா? முதல் மெமோ உனக்குத்தான் வரும். கோடு போட்டது யாரு?”

பதிவேடுகளை எடுத்த இடத்திலேயே வைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. பயம், வெறும் பயம். என்னை யாரும் வேலையை விட்டு அனுப்பியிருக்க முடியாது, இருந்தும் பயந்தேன். அக்காவிடம் இதை இன்றுவரை சொல்லவில்லை.

வயது கடந்ததும் அடுத்த உத்தரவு வரவில்லை. யாரும் அவரைப் போகச் சொல்லவும் இல்லை, உத்தரவு வரவில்லை என்பதோடு சரி. இப்போது தலத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து படிவம் நிரப்பித் தருகிறார். எங்கள் ஜன்னலுக்கு வருகிற படிவங்களில் அந்த ‘ழ’ அடிக்கடி கண்ணில் படும்.

அந்த ஜன்னலில் இப்போது வேறொரு பெண், அதே எண்பத்தொன்பது நாள். போன வாரம் அவளுக்கு பிரேக். காலையில் வந்து ஜன்னல் கொக்கியில் கை வைத்தாள்.

“வீட்டுக்குப் போம்மா” என்றேன்.

“பரவால்லக்கா, நானே பாத்துக்கிறேன். நல்ல பேரு எடுக்கலாம்ல?”

“நீ இன்னைக்கு வேலையில இல்லன்னு எழுதப் போறேன். இருந்துகிட்டு இல்லன்னு எழுத வைக்காத. கிளம்பு.”

முகம் சுருங்கித்தான் போனாள். பதினோரு மணிக்கெல்லாம் வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. சத்தம் கேட்டு இப்போதைய சூப்பிரண்டு எழுந்து வந்தார்.

“அந்தப் பொண்ணு எங்கம்மா?”

பதிவேட்டைத் திறந்து, ஸ்கேலை வைத்து, அவர் கண்ணெதிரே கோட்டை இழுத்தேன். “இன்னைக்கு அவங்க வேலையில இல்ல சார்.”

முணுமுணுத்துக்கொண்டே அவரே போய் ஜன்னலில் உட்கார்ந்தார். முதலில் நின்றவர் நீட்டிய படிவத்தில் அக்காவின் ‘ழ’, அந்த நீண்ட வால் எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. சூப்பிரண்டு பேனாவை எடுத்தார். பதிவேட்டில் எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்று தெரியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஸ்கேலை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். “தெரிஞ்சவங்கள வேண்டாம்னு அனுப்பிட்டோம் சார்” என்றேன்.