ஒரு காக்காய்க்கு ஐந்து மறைப்பு

"மச்சான், மூக்க உள்ள இழுங்க. மூக்கு தெரியுது."

மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விதைத்த கொல்லையின் நடுவில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு இப்படிச் சொல்பவர் குமரேசன், என் தங்கை பானுப்ரியாவின் கணவர். இருபதடி தள்ளிப் பனையோலைக்குள் குந்தியிருப்பவன் நான். பொங்கலுக்காக விழுப்புரத்திலிருந்து ஒரு வாரம் லீவு போட்டு வந்தேன். பெருமுக்கல் மலையைப் பார்த்துக்கொண்டு கரும்பு கடிக்கலாம் என்று நினைத்திருந்தேன். இரண்டாவது நாளாகக் கட்டெறும்பு என்னைக் கடித்துக்கொண்டிருக்கிறது.

நான் உட்கார்ந்திருப்பது காக்காய் அடிக்கக் கட்டிய மறைப்பு. இதிலிருந்து புறாவையும் அடிக்கலாம். ஆனால் குமரேசன் புறாவை ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. "புறா எல்.கே.ஜி. மச்சான். காக்காதான் கலெக்டரு" என்பார். எல்.கே.ஜி.யும் கலெக்டரும் சேர்ந்து முதல் விதைப்பை ஒரு பருப்பு விடாமல் கிளறித் தின்றுவிட்டன. இப்போது மண்ணில் இருப்பது இரண்டாம் விதைப்பு, வீட்டில் இருந்த கடைசி விதை. பானு பத்து நாள் உட்கார்ந்து கையாலேயே உடைத்து உரித்தாள். அவள் கட்டைவிரலில் இன்னும் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. இதுவும் போனால் பட்டம் தப்பிவிடும், இந்த வருஷம் மல்லாட்டை கிடையாது.

முளை எழும்பும் வரை தகரத்தைத் தட்டிக்கொண்டு கொல்லையில் நின்றால் போதும் என்று பானு தலைபாடாக அடித்துக்கொண்டாள். நானும் சொன்னேன். பக்கத்துக் கொல்லை பாண்டுரங்கன் அதைத்தான் செய்தார், அவருக்கு முளை விட்டாகிவிட்டது. குமரேசன் கேட்பதாயில்லை.

"தகரம் தட்டுனா அந்தாண்ட போய் உக்காந்துக்கினு இருக்கும். நாம டீ குடிக்கப் போனா இந்தாண்ட வரும். ஒண்ணே ஒண்ண அடிச்சிக் கம்புல தொங்கவுடணும் மச்சான். அப்புறம் ஒரு பய வரமாட்டான்."

அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

குமரேசனுக்கு விவசாயம் பாதி, பந்தல் பாதி. திண்டிவனத்தைச் சுற்றிக் கல்யாணமோ காதுகுத்தோ சாவோ, நிற்பது அவருடைய சவுக்குக் கம்புதான். கயிறு கட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதுவே வினையாயிற்று. முதல் மறைப்பை நாலு மூலையும் ஒரே அளவில், முகப்பில் வளைவு வைத்துக் கட்டியிருந்தார். வாழைமரம் கட்டாததுதான் பாக்கி. காக்காய்கள் பாண்டுரங்கன் கொல்லைப் பனைமரத்தில் உட்கார்ந்து, அழைப்பு வராத சொந்தக்காரர்கள் மாதிரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தனவாம்.

அவர் பாடம் கற்காத மனிதர் இல்லை. கற்பார், ஆனால் ஒரு மறைப்புக்கு ஒரு பாடம் வீதம் கற்பார். காக்காய் மேலேயிருந்து பார்க்கும் பறவை என்பது இரண்டாவதற்குக் கூரை போடாமல் விட்ட பிறகுதான் அவருக்குத் தோன்றியது. என்னை உட்கார வைத்த மூன்றாவதற்குக் கூரை இருந்தது. ஆனால் முதுகுப் பக்கம் ஓலை இடுக்கில் வெயில் அடித்ததில், நான் எறும்பைத் தட்டிவிடுவதுகூடச் சாலை வரைக்கும் தெரிந்தது. உண்டிகோலை நம்பி இருபதடிக்கு மேல் அடிக்க முடியாது. அந்த இருபதடிக்குள் ஒரு காக்காயும் வரவில்லை.

நான்காவதை நானே பாராட்டினேன். வேலிக்காத்தான் புதரோடு புதராக, உள்ளே கறுப்புத் தார்ப்பாயும் மேலே கரும்புத் தோகையுமாக, காற்றில் சரிந்த குப்பை போலக் கோணலாக இருந்தது. இரண்டு நாள் அப்படியே விட்டால் காக்காய்க்குப் பழகிவிடும் என்றார். சரி என்றேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் நட்டுவைத்த கம்பாக நிமிர்ந்து நிற்கிறது. கோணல் கண்ணை உறுத்தியதாம். போகிற போக்கில் இழுத்துக் கட்டிவிட்டாராம்.

"கோணலா வுட்டா நாளைக்கி எவன் மச்சான் என்னப் பந்தலுக்குக் கூப்புடுவான்?"



அந்தப் பனைமரத்துக் காக்காய்கள் ஏழுக்கும் குமரேசனை நன்றாகத் தெரியும். சட்டையை மாற்றினாலும் தலையில் சாக்கைப் போட்டாலும் நடையை வைத்தே கண்டுபிடித்துக் கத்தும். ஆனால் பானு மத்தியானம் தான் சாப்பிடுமுன் நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, மாடியில் ஒரு பிடி சோறு வைத்து "கா, கா" என்றால் ஏழும் வந்து கைக்கெட்டும் தூரத்தில் இறங்கும். பொங்கலன்று அதை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார் குமரேசன். அப்போதே நான் ஊருக்குப் பஸ் ஏறியிருக்க வேண்டும்.

ஐந்தாவது மறைப்பு பானுவின் பச்சைப் பூப்போட்ட நைட்டி. தோளில் துண்டு, துண்டுக்கடியில் உண்டிகோல். மாட்டுப்பொங்கலன்று பானு மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், கொல்லை நடுவில் போய் உட்கார்ந்து சோற்றை வைத்து மெல்லிய குரலில் "கா, கா" என்றார். ஏழும் வந்தன. ஐந்தடியிலிருந்து களிமண் உருண்டையை விட்டார்.

சாயங்காலம் கம்பில் ஒரு காக்காய் தொங்கியது. ஒரு மணி நேரம் ஊரே காது பொத்துகிற கூச்சல். பிறகு காக்காயும் இல்லை, புறாவும் இல்லை. மறுநாள் மண் வெடித்து முளை எட்டிப் பார்த்தது. வேறு வழியில்லாமல் நானும் அவரைப் பாராட்டினேன்.

அதற்கு மறுநாள் தை அமாவாசை. குமரேசனின் அம்மா வெள்ளையம்மாள் ஆவணியில் போனவர். அவருக்குப் படைக்கும் முதல் தை அமாவாசை. வடை, வாழைக்காய்ப் பொரியல், அந்த அம்மாள் விரும்பித் தின்னும் கேப்பை அடை எல்லாம் செய்து, பதினோரு மணிக்குப் பானு புடவை கட்டிக்கொண்டு மாடியில் இலை போட்டு அழைத்தாள். காக்காய் வரவில்லை. பன்னிரண்டு ஆயிற்று, ஒரு மணியும் ஆயிற்று. காக்காய் எடுக்காமல் வீட்டில் யாரும் வாயில் வைக்க முடியாது. பனைமரத்தில் ஆறு காக்காய்கள் உட்கார்ந்திருந்தன. பானு கையைத் தூக்கினால் ஆறும் கத்தின.

"பதிமூணு வருசமா என் கையால தின்ன காக்கா," என்றாள் பானு. "என் நைட்டிய மாட்டிக்கினு போய் அடிச்சிட்டு வந்துட்டாரு. இப்ப என்னயே கண்டு கத்துதுண்ணா. அத்தை எப்படி வருவாங்க?"

குமரேசன் கொல்லைக்குப் போய்க் கம்பில் தொங்கியதை அறுத்து எடுத்து, வரப்போரம் குழி தோண்டிப் புதைத்தார். நான் பின்னாலேயே போனேன்.

"மாப்ளே, முளை?"

"போவட்டும் மச்சான்."

கை கால் கழுவிக்கொண்டு மாடிக்கு வந்து அவரே அழைத்தார். தொண்டை கட்டும் வரை அழைத்தார். ஆறும் எழுந்து இன்னும் தள்ளியிருந்த மரத்துக்குப் போய்விட்டன.

"நீங்க நிக்கற வரைக்கும் வராது," என்றாள் பானு. "அது கண்ணுல படாம எங்கனா போய் உக்காருங்க. நாங்களும் படியில உக்காந்துக்கறோம்."

குமரேசன் சுற்றிலும் பார்த்தார். தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் பழைய உரச்சாக்குகள் கிடந்தன. அந்த இடுக்கில் குப்புறப் படுத்து, சாக்குகளை ஒவ்வொன்றாகத் தன்மேல் இழுத்துப் போட்டுக்கொண்டார். நாற்பத்திரண்டு வயது ஆள் அங்கே கிடப்பது எனக்கே தெரியவில்லை.

பானுவும் நானும் படிக்கட்டுக் கதவிடுக்கில் உட்கார்ந்தோம். பசியில் எனக்குக் காது அடைத்தது. மூன்று மணி சுமாருக்கு ஒரு காக்காய் வந்து சுவர்மேல் இறங்கியது. இலையைப் பார்த்தது, சாக்கைப் பார்த்தது, மறுபடி இலையைப் பார்த்தது. பானு என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். காக்காய் கேப்பை அடையை நோக்கி ஒரு தத்து தத்தியது.

சாக்குக்கு அடியிலிருந்து இரண்டு கைகள் மெதுவாக வெளியே வந்து, அதை நோக்கிக் கும்பிட்டன.