சித்தப்பா சாமியாராகாமல் வந்த வருஷம்

எங்கள் சதுரங்கப்பட்டினத்துக் குப்பத்திலிருந்து சாமியாராகப் போன முதல் ஆள் என் சித்தப்பா. ஆகாமல் திரும்பி வந்த முதல் ஆளும் அவர்தான்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. சித்தப்பா பாதிரியாராவதற்கான படிப்பையெல்லாம் குருமடத்தில் முடித்திருந்தார். அடுத்த மாதம் குருப்பட்டம். தெருமுனையில் கட்டுவதற்கான பிளெக்ஸ் அச்சாகி வந்து, பீரோ மேல் சுருண்டு கிடந்தது. அதில் சித்தப்பா வெள்ளை அங்கியில் கைகூப்பி நிற்க, கீழே வரிசையாகக் குடும்பம் முழுவதும். நான் மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். வேறு போட்டோ போடச் சொல்லி அழுது பார்த்தும் பலனில்லை. ஆனாலும் சாமியார் வீட்டுப் பெண் என்ற மிதப்பில் பள்ளிக்கூடத்தில் தலை நிமிர்ந்துதான் திரிந்தேன்.

ஒரு மத்தியானம் சித்தப்பா பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். பெரியவர்கள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே வந்தபோது அம்மாவின் கண் சிவந்திருந்தது. தாத்தா சாப்பிடாமல் கரைக்குப் போய், எங்கள் பைபர் படகின் நிழலில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார்.

நடந்ததை நான் வளர்ந்த பிறகுதான் அம்மா சொன்னாள். பட்டத்துக்கு முன் ஒவ்வொருவரையும் தனியே கூப்பிட்டு, மணம் முடிக்காமல் வாழ மனதாரச் சம்மதமா என்று கேட்பார்களாம். சித்தப்பா சம்மதம் என்றிருக்கிறார். அதோடு நிறுத்தியிருக்கலாம். தன் மனம் பெண்கள் பக்கம் போவதில்லை, ஆண்கள் பக்கம்தான் போகிறது என்றிருக்கிறார். மணம் முடிக்காமல் வாழும் வார்த்தைப்பாட்டைக் காப்பாற்ற முடியும், ஆனால் இதை மறைத்துக்கொண்டு பீடத்தில் நிற்க முடியாது என்றும் சொல்லிவிட்டார். குருமடத்து அதிபர் நல்லவர். அப்படிப்பட்டவர்களுக்குப் பட்டம் கொடுக்க விதியில் இடமில்லை என்று வருத்தத்தோடுதான் சொன்னாராம்.

குப்பம் இதற்கு வேறொரு காரணம் கண்டுபிடித்தது. யாரோ ஒரு பெண். பாட்டுக் குழுவில் பாடுகிறவளா, நர்ஸா என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து. யாருக்கும் கோபமில்லை, வாலிப வயசு, இன்னா பண்றது என்று மன்னித்தும் விட்டார்கள். வீட்டிலும் யாரும் மறுக்கவில்லை. சித்தப்பா மட்டும் கேட்டவர்களிடமெல்லாம் அப்படி யாரும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஒன்றைத்தான் ஒருவரும் நம்பவில்லை.

சில மாதங்களில் செய்யூர் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. சவுக்குத் தோப்பும் வேர்க்கடலைக் கொல்லையும் உள்ள, எங்களைப் போலவே வேதக்காரக் குடும்பம், பெண் டீச்சர். குடிக்காத, இங்கிலீஷ் தெரிந்த, வேளை தவறாமல் ஜெபம் சொல்லுகிற மாப்பிள்ளை எங்கே கிடைப்பான் என்று பெண்ணின் அப்பாவே புறப்பட்டு வந்துவிட்டார். நெடுநாள் கழித்துத் தாத்தா முகத்தில் வெளிச்சம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கோயிலில் கல்யாண ஓலை வாசித்து அறிவிக்கச் சொல்லிவிடலாம் என்கிற அளவுக்குப் பேச்சு ஓடியது. நான் முறுக்குத் தட்டோடு பக்கத்தில் நின்றிருந்தேன்.

சித்தப்பா எழுந்து நின்றார்.

"எனக்குப் பொண்ணுங்க மேல ஆசை வராதுங்க. ஆம்பளைங்க மேலதான் வரும். அத்த மறைச்சிருந்தா இந்நேரம் சாமியாரா ஆயிருப்பேன். சாமிகிட்ட சொல்லாத பொய்ய உங்க பொண்ணுகிட்ட எப்படிங்க சொல்றது?"

எனக்கு ஒரு சந்தேகம். இப்போது கேட்காவிட்டால் மறந்துவிடும் போலிருந்தது.

"சாமியாரும் கல்யாணம் பண்ணிக்க மாட்டாரு, சித்தப்பாவும் பண்ணிக்க மாட்டாரு. அப்புறம் இன்னாத்துக்குத் திருப்பி அனுப்பிட்டாங்க?"

வழக்கமாக அம்மா தொடையில் கிள்ளுவாள். அன்று கிள்ளவில்லை. வந்தவர் மெல்ல எழுந்து, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு, திரும்பி வந்து சித்தப்பாவின் கையைப் பிடித்தார். "எம் பொண்ண காப்பாத்திட்டீங்க தம்பி" என்றார். பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம் காது இருந்திருக்கிறது. பெண் விவகாரத்தை மன்னித்த குப்பத்துக்கு இதை மன்னிக்க முடியவில்லை. பூசையில் அதுவரை சித்தப்பா வாசித்த வாசகத்தை வாசிக்க வேறு ஆள் வந்தார். சித்தப்பா கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நிற்கத் தொடங்கினார். ஆனால் ஒரு ஞாயிறுகூடப் பூசைக்குப் போகாமல் இருந்ததில்லை.

பிறகு மாதா திருவிழா வந்தது. மாதா தேரைக் கொம்புகளில் தாங்கித் தோளில்தான் தூக்குவோம். முன்பக்கத்து வலது கொம்பு எங்கள் குடும்பத்துக்கு, தாத்தாவின் இடம். காலையில் நாலைந்து பேர் வீட்டுக்கு வந்து தாத்தாவிடம், சின்னவனை இன்று கோயில் பக்கம் விடாதே, ஊர் நாலு விதமாகப் பேசும் என்றார்கள்.

சாயங்காலம் மணி அடித்ததும் தாத்தா கூட்டத்தைப் பிளந்துகொண்டு கடைசிவரை போனார். சித்தப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து எல்லார் நடுவிலும் அழைத்து வந்தார். தன் தோள் துண்டை மடித்து அவர் தோளில் போட்டு, கொம்புக்கு அடியில் நிறுத்தினார். பின்னால் நின்ற ஒருவர் கொம்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

"தூக்க இஷ்டம் இல்லாதவன் இப்பவே நவுந்துக்க. தேரு நிக்காது" என்றார் தாத்தா. குரலை உயர்த்தவில்லை.

இன்னும் இரண்டு பேர் விலகினார்கள். அந்த இடத்துக்கு அப்பா ஓடினார். கூடவே எங்கள் படகில் வருகிற அண்ணன்கள் இரண்டு பேர். தேர் எழும்பியது. நான் முன்னால் பூ தூவிக்கொண்டு, இந்தக் கடற்கரையே எங்களுடையது போல நடந்தேன்.

சித்தப்பா இப்போது செங்கல்பட்டில், சாகக் கிடக்கிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறார். அங்குள்ள பெரியவர்கள் அவரை ஃபாதர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் திருத்துகிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தனியாகத்தான் இருக்கிறார். கேட்டால், அந்த வார்த்தைப்பாட்டை யாரும் கேட்காமலே கொடுத்துவிட்டேன் என்று சிரிப்பார். படூரில் என் அலுவலகத் தோழிகளுக்கு நான் முதலில் சொல்லும் கதை அவருடையதுதான்.

தேர் தூக்கிய அன்று எனக்கு எதுவும் புரியவில்லை. தாத்தாவுக்குத் தோள்வலி, அதனால்தான் தன் இடத்தைக் கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். தேர் கோயிலுக்குத் திரும்பியதும் தைல பாட்டிலை எடுத்து வந்து அவர் தோளில் தேய்த்துவிட்டேன். அவரும் தோளைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலிக்கவில்லை என்று கடைசிவரை சொல்லவே இல்லை.