கூப்பிட்ட பெயருக்கு நான் போகவில்லை

தொண்ணூறுகளின் நடுவில், என் மகளுக்கு ஆறு வயது நிறையவிருந்த வாரத்தில், லண்டனின் எல்லையில் மோட்டார்வே நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலிருந்த ஒரு பெரிய மொத்த விற்பனைக் கடையில் இது நடந்தது. பல வருடங்கள் ஓடிவிட்டன. இன்றைக்கும் ஒரு கடையில் ஒலிபெருக்கி கரகரத்தால் நான் முதலில் மகளின் கையைத்தான் தேடுகிறேன். அவள் பக்கத்தில் இல்லாவிட்டாலும் என் கை தேடும்.

அப்போது நாங்கள் தெற்கு லண்டனில், நோர்பரியில் ஒரு கடைக்கு மேலிருந்த இரண்டு அறைகளில் குடியிருந்தோம். கடை எங்கள் ஊர்க்காரர் ஒருவருடையது. நான் அவரை அண்ணை என்பேன். ஊரில் நான் கணிதம் படிப்பித்தவன் என்பதால் அவர் என்னை மாஸ்ரர் என்பார். இந்த நகரத்தில் என்னை அப்படிக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு நான் ஒரு பெற்றோல் நிலையத்தில் கல்லாவில் நிற்கும் ஆள்.

நான் சொல்லும் மொத்தக் கடைக்குள் போக அங்கத்தவர் அட்டை வேண்டும். காசு கொடுத்தால் மட்டும் அட்டை தரமாட்டார்கள். சொந்தமாக வியாபாரம் இருக்க வேண்டும், அல்லது அவர்களுடைய பட்டியலில் உள்ள ஒரு தொழிலில் இருக்க வேண்டும். வைத்தியர், வங்கி ஊழியர், கவுன்சில் ஊழியர் என்று நீளும் அந்தப் பட்டியலில் ஆசிரியரும் உண்டு. பெற்றோல் நிலையக் காசாளர் கிடையாது. உள்ளே, கல்லாக்களைத் தாண்டியதும் ஒரு சாப்பாட்டுப் பகுதி இருந்தது. பிள்ளையின் முகம் அளவு பெரிய பீட்சாத் துண்டும், எத்தனை தரம் வேண்டுமானாலும் நிரப்பிக் குடிக்கக்கூடிய சோடாவும், வெளியில் ஒரு சாண்ட்விச்கூட வாங்க முடியாத விலைக்குக் கிடைக்கும். லண்டனிலேயே மலிவான சூடான சாப்பாடு அதுதான் என்று நினைக்கிறேன். அதை வாங்கக்கூடியவர்களோ, மலிவாகச் சாப்பிட வேண்டிய தேவை அவ்வளவாக இல்லாதவர்கள்.

மகளின் வகுப்பில் ஒரு பல் வைத்தியரின் பிள்ளை இருந்தது. அது ஒவ்வொரு திங்கட்கிழமையும் வந்து அந்தப் பீட்சாவைப் பற்றிச் சொல்லும். பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது என் மகள் பொம்மை கேட்கவில்லை. "அந்தக் கடையில போய்ச் சாப்பிடுவமா அப்பா?" என்றாள்.

அண்ணையிடம் கேட்டேன். அவருடைய அட்டை ஏற்கெனவே எங்கள் ஆட்களில் நாலைந்து வீடுகளுக்குப் போய் வந்துகொண்டிருந்தது. அரிசி, எண்ணெய், பிள்ளைகளின் நாப்கின் என்று ஒவ்வொருவரும் ஒரு காரணத்துக்கு வாங்கிப் போவார்கள். அதில் யாரும் பிழை கண்டதில்லை. அட்டையின் பின்புறத்தில் அவருடைய சின்னப் படம் இருந்தது. அவருக்கு மீசை, எனக்கு இல்லை.

"படத்தைப் பாக்கமாட்டாங்கள் மாஸ்ரர். எங்கட முகமெல்லாம் அவங்களுக்கு ஒண்டுதான்" என்றார். "கேட்டா மீசையை எடுத்திட்டன் எண்டு சொல்லுங்கோ. சோதனை எழுதப் போற பெடியன் மாதிரி நடுங்காதேங்கோ."

நான் நடுங்கியதற்குக் காரணம் இருந்தது. எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை. பார்க்கிங் டிக்கெட்கூட வாங்காமல் இருங்கள் என்று எங்கள் வழக்கைப் பார்த்த சொலிசிற்றர் சொல்லியிருந்தார். ஒரு சின்னக் குற்றம்கூடக் கோப்பில் ஏறிவிடும், மூன்று பேரையும் திருப்பி அனுப்பக் காரணமாகிவிடும் என்ற பயத்தோடுதான் நான் தெருவைக்கூடக் கடப்பேன். இருந்தும் அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன். பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டதை இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

சனிக்கிழமை காலை. மனைவி வேலைக்குப் போய்விட்டார். காரில் போகும்போது மகளுக்குப் பாடம் நடத்தினேன். அந்தக் கடைக்குள் யாராவது அப்பாவின் பெயரைக் கேட்டால் அண்ணையின் பெயரைச் சொல்ல வேண்டும். கீழ்க் கடைதான் எங்களுடையது என்று சொல்ல வேண்டும்.

"அது பொய்யெல்லோ?" என்றாள்.

"இல்லையம்மா, இது ஒரு விளையாட்டு. வெளியில வந்த உடன முடிஞ்சிடும்."

வாத்தியார் புத்தி சும்மா இருக்காது. வாய்ப்பாடு கேட்பதுபோல அவளிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன். ரெண்டாம் தரம் கேட்டால்? சொல்லுவன். அது பிழை என்று சொன்னால்? அதையேதான் சொல்லுவன். சரியாகச் சொன்னாள். கெட்டிக்காரி என்று தலையைத் தடவினேன்.

வாசலில் நின்றவர் அட்டையைப் பார்த்தாரோ என்னவோ, கையை அசைத்து உள்ளே விட்டார். பிறந்தநாளுக்குத் தேவையான ஜூஸ், காகிதத் தட்டுகள், கோழிக்கால் பெட்டி எல்லாம் எடுத்தேன். கல்லாவில் இருந்த பெண் அட்டையை வாங்கி, "கடை எப்படிப் போகுது?" என்று சிரித்தபடி கேட்டார். நல்லாப் போகுது என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. காசைக் கொடுத்துவிட்டு, சாமான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வேகமாக நகர்ந்தேன்.

மகளை ஒரு மேசையில் இருத்தி, வண்டியைப் பக்கத்தில் விட்டு, அசையக் கூடாது என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு வரிசையில் நின்றேன். வரிசை ஒரு தூணைச் சுற்றிப் போனது. அங்கிருந்து மேசை தெரியவில்லை. என் முறை வந்ததும் அங்கே நின்ற பெண் அட்டையைக் கேட்டார். பையில் கையை விட்டேன். இல்லை. எல்லாப் பைகளையும் தட்டிப் பார்த்தேன். கல்லாவிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

கல்லாவுக்கு ஓடினேன். அந்தப் பெண்ணின் இடத்தில் இப்போது வேறொருவர் இருந்தார். விட்டுப்போன அட்டைகளை வாடிக்கையாளர் மேசையில் கொடுத்துவிடுவோம், அங்கே போய்க் கேளுங்கள் என்றார். போனால் படத்தையும் என் முகத்தையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பார்கள். என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டு நிற்கும்போதே ஒலிபெருக்கி கரகரத்தது. அண்ணையின் முழுப் பெயரையும் எழுத்தெழுத்தாகத் தடுமாறி வாசித்து, உடனே வாடிக்கையாளர் மேசைக்கு வரும்படி சொன்னார்கள்.

பிடிபட்டுவிட்டேன் என்று நினைத்தேன். வேறு எந்த நினைப்பும் வரவில்லை. அட்டை போனால் போகட்டும், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சத்தமில்லாமல் போய்விடுவோம். அந்த மேசையின் கண்ணில் படாமல், டயர்கள் அடுக்கியிருந்த பக்கத்தால் சுற்றிக்கொண்டு சாப்பாட்டுப் பகுதிக்கு வந்தேன்.

சாமான் வண்டி நின்றது. கதிரையில் மகளின் கோட் கிடந்தது. அவள் இல்லை.

மேசைகளுக்குக் கீழே குனிந்து பார்த்தேன். கழிவறை வாசலில் நின்று கூப்பிட்டேன். சோடா இயந்திரத்தடியில் யாரோ ஒரு பிள்ளை நின்றது, அது வேறு பிள்ளை. அதற்கிடையில் ஒலிபெருக்கி மறுபடியும் அதே பெயரைச் சொன்னது. ஒரு பக்கம் பிள்ளையைத் தேடுகிறேன், மறுபக்கம் இவர்கள் என்னைத் தேடுகிறார்கள் என்று எரிச்சல்கூட வந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று, கணிதம் படிப்பித்த இந்த மண்டைக்கு எட்டவேயில்லை.

காருக்குப் போயிருப்பாளோ என்று வெளியே ஓடினேன். லொறிகள் பின்னோக்கி வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் சக்கரத்தடியிலும் குனிந்து பார்த்தேன். மழை தூறியது. அவள் கோட் இல்லாமல் இருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. எங்கள் காரடியில் யாரும் இல்லை.

திரும்பி வாசலுக்கு வந்தேன். உதவி கேட்க வேண்டுமானால் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அந்த மேசை. அங்கே போனால் எங்கள் வழக்கு முடிந்தது என்று நினைத்தேன். நான் அந்த வாசலில் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு நிமிடம்கூட இருக்காது. ஆனால் பிள்ளையைக் காணாமல் ஒரு தகப்பன் கணக்குப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம் அது. மனைவிக்கு இந்தக் கதை முழுவதும் தெரியும். இந்த ஒரு இடத்தை மட்டும் நான் அவருக்குச் சொன்னதில்லை.

பிறகு போனேன். மேசையில் ஒரு நடுத்தர வயதுப் பெண் இருந்தார். என் மகளைக் காணவில்லை என்றேன். அவள் பெயர், வயது, என் உண்மைப் பெயர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது. ஒரு சிறுமி உள்ளே இருக்கிறாள், தனியாக அழுதுகொண்டிருந்தவளை மேசை துடைப்பவர் கூட்டிவந்தார், ஆனால் அவளுடைய அப்பாவின் பெயர் வேறு என்றார். அண்ணையின் பெயரைச் சொன்னார். அவருக்கு முன்னால் அண்ணையின் அட்டை கிடந்தது. அதை எடுத்துப் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மனேஜரைக் கூப்பிட்டார்.

பின்னாலிருந்த கண்ணாடி அறையில் மகள் இருந்தாள். யாரோ அவளுக்குப் பீட்சா வாங்கிக் கொடுத்திருந்தார்கள். தொடாமல் மடியில் வைத்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள். மனேஜர் எனக்கும் அவளுக்கும் நடுவில் நின்றுகொண்டு, நீங்கள்தான் இந்த அட்டைக்காரரா என்று உரக்கக் கேட்டார். "இல்லை, நான் அவரில்லை" என்றேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு. அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்தவள் மெல்லத் திரும்பவும் கதிரையில் இருந்துவிட்டாள்.

மனேஜர் குனிந்து, உன் அப்பாவின் பெயர் என்ன என்று அவளிடம் கேட்டார்.

அவள் என் முகத்தைப் பார்த்தபடியே, கண்ணீர் ஓட ஓட, அண்ணையின் பெயரைச் சொன்னாள். இன்னொரு தரம் கேட்டார். அதையே சொன்னாள். கீழ்க் கடை எங்களுடையது என்றும் சொன்னாள்.

நான் தமிழில் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள் என்று மனேஜர் கையை உயர்த்தினார். பொலிஸைக் கூப்பிட வேண்டியிருக்கும் என்றார். கூப்பிடுங்கள் என்றேன். அந்த நேரத்தில் வழக்கு, விசா, திருப்பி அனுப்புவது எதுவும் என் தலையில் இல்லை. என் பிள்ளை எனக்கு ஐந்தடி தூரத்தில் இருக்கிறாள், நான் அவளைத் தொட முடியாது. அவ்வளவுதான் இருந்தது.

பொலிஸுக்கு முன்னால் அண்ணையின் கடைக்குப் போன் அடித்துப் பார்ப்போம் என்றவர் அந்த மேசைப் பெண்தான். அட்டைக்காரரின் தொலைபேசி எண் அவர்களிடம் இருந்தது. மனேஜர் பேசினார். அட்டையை நீங்கள் கொடுத்தீர்களா, அல்லது களவு போனதா என்று கேட்டார். அங்கத்தவர் அட்டையை மற்றவருக்குக் கொடுத்தால் அது ரத்தாகும் என்பதையும் சொன்னார். அண்ணையின் கடை அந்த மொத்தக் கடையை நம்பித்தான் ஓடியது. களவு போனது என்று ஒரு சொல் சொன்னால் அவர் தப்பிவிடுவார். அண்ணை சொல்வதை மனேஜர் கேட்டுக்கொண்டேயிருந்தார். பிறகு என்னிடம் ரிசீவரை நீட்டினார்.

"மாஸ்ரர், பிள்ளை அழுறாளே?" என்றார் அண்ணை. அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. "நான்தான் குடுத்தனான் எண்டு சொல்லிப்போட்டன். பிள்ளை பிறந்த நாள் தொட்டுத் தெரியும் எண்டும் சொன்னனான். போனை அவளிட்டைக் குடுங்கோ."

மனேஜர் தலையசைத்தார். அவள் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள். "ஓம் மாமா" என்றாள். பிறகும் ஒரு தரம் "ஓம் மாமா" என்றாள். ரிசீவரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்து, "அப்பா, இப்ப சொல்லலாமோ?" என்றாள்.

"சொல்லுங்கோ அம்மா" என்றேன். என் பெயரை, பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோல முழுதாகச் சொன்னாள். மனேஜர் விலகிக்கொண்டார்.

அவர்கள் பொலிஸைக் கூப்பிடவில்லை. அட்டையை என் முன்னாலேயே கத்தரியால் வெட்டினார்கள். மேசைப் பெண் கதிரையில் கிடந்த கோட்டை எடுத்துவந்து மகளுக்குப் போட்டுவிட்டு, என்னைப் பாராமல், அவளை வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வீட்டு வாசலில் மகள், "நான் பிழையாச் சொன்னனானோ?" என்று கேட்டாள்.

அண்ணை பிறகு பல மாதங்கள் நகரத்தின் மறுகரைக்கு, வால்தம்ஸ்டோ பக்கமிருந்த வேறொரு மொத்தக் கடைக்கு, விடியவே வான் ஓட்டிப்போய்ச் சாமான் எடுத்தார். நானும் வந்து தூக்கிவிடுகிறேன் என்று சொன்னபோது, வேண்டாம் என்று சிரித்தார். "விடுங்கோ மாஸ்ரர். நீங்கள் படிப்பிச்சதை ஒரு பிள்ளையாவது ஒழுங்காப் பாடமாக்கியிருக்குது" என்றார். அவர் பகிடிக்குத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். மேலே வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டேன்.

எங்களுக்கு விசா கிடைத்துவிட்டது. மகள் அந்த நாளை மறந்துவிட்டாள் என்று மனைவி சொல்கிறார். இருக்கலாம். பயத்தில் உறைந்துபோய், தகப்பனை எதிரில் வைத்துக்கொண்டே, தகப்பன் சொல்லிக்கொடுத்ததை அவள் கைவிடவில்லை. பிள்ளைகள் நம்மை அந்த அளவுக்கு நம்புகிறார்கள் என்பது எனக்குப் பெருமையாக இருக்க வேண்டும், ஆனால் அதை நினைக்கும்போதுதான் இன்றும் எனக்குப் பயமாக இருக்கிறது.